மரச்சுருள் தலையணை

டாக்டர் சிட்டுவின் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே தச்சர் மனைவியைக் காட்டி முந்திக்கொண்டார்.

"எங்க பக்கத்துல இது யாருக்கும் கிடையாதுங்க. இவ அப்பாவுக்குத்தான் இழுப்பு."

மனைவி தரையைப் பார்த்தாள். செத்துப்போன மனிதர் எழுந்து வந்தா மறுக்கப் போகிறார்? மகளுக்கு எப்போது மூச்சு முட்டினாலும் பழி மாமனார் தலையில்தான் விழும்.

டாக்டர் அவசரப்படவில்லை. "பரம்பரையும் ஒரு காரணம்தான். சிலருக்கு மூச்சுக்குழாய் கொஞ்சம் ரோஷக்காரக் குழாய். ஒத்துக்காதது உள்ள போனா வீங்கிக்கும், இறுகிக்கும், சளியும் கட்டும். அப்புறம் காத்து போக வர வழி ஏது? எது ஒத்துக்கலைன்னு கண்டுபிடிக்கணும். வீட்ல பூனை, நாய், புகை?"

எதுவும் இல்லை. பூனையைத் துரத்தியாயிற்று, பஞ்சு மெத்தையும் போயிற்று. தச்சர் தன் பங்குக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அந்தத் தெம்பில் டாக்டரின் மேசைக்கால் ஆடுவதைக்கூடக் கவனித்துவைத்தார்.

"அப்பா எனக்குத் தலகாணி செஞ்சு குடுத்திருக்காரு" என்றாள் சிட்டு பெருமையாக. "மரத்த இழைச்சா சுருள் சுருளா வருமே, அதுல. வாசனையா இருக்கும். இழுப்பு வந்தா புதுசா அள்ளிட்டு வந்து திணிப்பாரு."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "இதுதான்னு இப்பவே அடிச்சுச் சொல்லமாட்டேன். மொதல்ல அத எடுத்துடுங்க."

தச்சருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அந்த மரத்தை இழைத்தால் பட்டறையில் எல்லோருக்கும் கண் எரியும், தும்மல் பிடுங்கும். 'மூக்கைத் திறந்துவிடுதுடா, நல்ல மருந்து' என்று சிரித்தவர் அவர்தான். நெஞ்சைத் திறக்கும் என்று நம்பித்தான் பிள்ளையின் முகத்துக்கடியில் வைத்தார். வேலியே பயிரை மேய்ந்த கதை; மேய்கிறோம் என்பது மட்டும் இந்த வேலிக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் சிட்டு தலையணையைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றாள். "அப்பா செஞ்சது!" அந்த அப்பாதான் அதைப் பிடுங்க வேண்டியிருந்தது. அதுவரை அவளிடமிருந்து எதையும் அவர் பிடுங்கியதில்லை.

"உங்கப்பாவப் போய்ச் சொல்லிட்டிருந்தேனே" என்றார் மனைவியிடம்.

"அத அப்புறம் பேசலாம். தூசி பறக்கும், தள்ளிப் போய்க் கொட்டுங்க." அவள் கதவைச் சாத்தினாள்.

கொல்லைக் கோடியில் தையலைப் பிரித்துக் கொட்டினார். வாசனை குப்பென்று எழுந்தது. நல்ல வாசனைதான். திரும்பிப் பார்த்தார். மூடிய ஜன்னலுக்குப் பின்னால் சிட்டு அழுதுகொண்டிருந்தாள், சத்தம் கேட்கவில்லை. கண்ணாடியில் மட்டும் அவள் மூச்சு ஆவியாகப் படிந்தது, கலைந்தது. அடுத்தது படியும்வரை அவர் காலி உறையைப் பிடித்தபடி நின்றிருந்தார்.