படியில் காத்திருந்தவனின் பாட்டு

ரேடியோவில் தான் எழுதிய பாட்டு ஒலித்த ஒவ்வொரு முறையும் வெள்ளக்கடை எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஸ்தனிஸ்லாஸ் ஒரு மயிரிழை குள்ளமானார். 1979இல் ஆறடி இருந்தவர், காப்பிக்கு நல்ல விலை வந்த 1994இல் ஆபீஸ் மேசைக்குச் சமமாக நின்றார்.

பாட்டு மலையில் எல்லோருக்கும் மனப்பாடம். மாதா கோயில் படியில் ஒரு மாப்பிள்ளை காத்திருக்கிறான். வெயில் சாய்கிறது, மாலை வாடுகிறது, அவள் வரவில்லை. சேலத்து இசைக்குழு ஒன்று அதைக் கேசட்டாகப் போட்டது. காதலித்தே அறியாதவர்கள்கூடக் கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். டீக்கடையில் அவரைக் கண்டால் ரேடியோவை உரக்க வைத்து மரியாதை செய்தார்கள். அவர் டம்ளருக்குள் முகத்தை மறைத்துக்கொள்வார்.

ஏனென்றால் நடந்தது வேறு. மூன்று ஞாயிறும் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து முடிந்தபின், கல்யாணத்தன்று முதல் பஸ்ஸில் சேலத்துக்கு ஓடியவர் ஸ்தனிஸ்லாஸ். படியில் நின்றவள் தேவகுமாரி. பயந்து ஓடினேன் என்று எழுத வெட்கப்பட்டு, ஆளை மாற்றி எழுதிவிட்டார். பாட்டைக் கேட்கக் கேட்க, அன்று கோயிலில் இருந்தவர்களுக்கே ஞாபகம் மாறிப்போனது. சேலை கட்டிவிட்ட தாயே, "ஏன் கண்ணு, அன்னிக்கு எங்க போய்த் தொலஞ்ச?" என்று மகளைக் கேட்டாள். பெண் பார்க்க வந்தவர்கள் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனார்கள்.

ஒருநாள் அவர் தேவகுமாரியின் வீட்டுக்குப் போனார். அவள் முற்றத்தில் காப்பிக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எல்லார்த்துக்கிட்டயும் உண்மையச் சொல்லிப்போடறேன், தேவகுமாரி."

"சொல்லுங்க. ஆனா பாட்டு நொம்ப நல்லாருக்குதுங்க" என்றாள், முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "கேக்கறப்ப அந்தப் பொம்பள மேல எனக்கே கோவம் வருது."

ரேடியோ பாடாமலே அன்று அவர் குறைந்தார்.

அடுத்த மாதம் கரடியூரில் ஒரு கல்யாணத்தில் மைக் முன்னால் நின்று, ஓடியவன் நான், நின்றவள் அவள் என்று மாற்றிப் பாடினார்.

"அவ பழியத் தன் தலைல போட்டுக்கறாரு பாருங்க! என்ன மனுசன்!" என்று ஒருவர் துண்டால் கண்ணைத் துடைத்தார். உடனே கூட்டம் முழுவதும் பழைய சொற்களை உரக்கப் பாடத் தொடங்கியது. கடைசி வரிசையில் தேவகுமாரியும் பாடினாள். ஒரு சொல்கூடப் பிசகவில்லை. பாட்டு முடிந்தபோது ஸ்தனிஸ்லாஸுக்கு மைக் எட்டவில்லை.

அதன்பிறகு அவரைப் பாடக் கூப்பிட்டவர்கள் ஒரு ஸ்டூலும் போட்டுவைத்தார்கள். வருஷா வருஷம் அதன் காலை நீட்டுவது பந்தல்காரர் அங்கப்பனின் வேலை. அதை யாரும் அங்கப்பனுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.