போதும் என்ற சேதி

1
இந்தக் கதை செமிசி கேட்ட ஒரு கேள்வியிலிருந்து வந்தது. அவன் வெளித்தீவுகளுக்குப் படகு ஓட்டியவன், என் பால்ய நண்பன். நான் டோங்கா தீவுநாட்டின் தலைநகர் நுகுஅலோபாவில் ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனை அறையில் வேலை பார்க்கிறேன். முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘ஈரல் ஓர் அமைதியான’... வேண்டாம். அவனுடையது அமைதியாக இல்லை.

2
பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து தொற்றிய ஹெபடைடிஸ் கிருமி. வயிறு வீங்கிய பிறகுதான் வந்தான்.

“உள்ள என்னடா நடக்குது?”

“அழற்சி. அடிபட்ட செல்லு ஆபத்துன்னு சேதி அனுப்பும். அதக் கேட்டு இன்னொரு செல்லு தழும்பு போடும். ஒனக்கு அந்த சேதி வருஷக்கணக்கா நிக்கல. தழும்பு ஏறிக்கிட்டே இருக்கு.”

“போதும்னு சொல்ல ஆளில்லையா?”

“இருக்கு. இந்தக் கூச்சல்ல அது எடுபடல.”

“எங்க வீடேதான்,” என்று சிரித்தான். “எங்கக்கா பேசினா வேற எவன் குரலும் கேக்காது.”

(விஞ்ஞானம் இதைவிடச் சிக்கலானது. அவனுக்கு நேரம் குறைவாக இருந்தது.)

3
அக்கா லூபேயைக் கொடுமைக்காரியாக எழுதிப் பார்த்தேன். பொருந்தவில்லை. வளர்ந்த தம்பியின் கட்டிலருகே அக்கா போவது எங்கள் ஊர் முறையில்லை என்று நாள் முழுக்க வராந்தாவில் உட்கார்ந்திருந்தவள் அவள். ஆனால் அவன் மகள் லாவினியாவுக்குப் பரிசோதனை என்றதும் சீறினாள்.

“தம்பிய ஊசி குத்திக் குத்தித்தான் இப்படிப் படுக்க வச்சீங்க. பிள்ளையத் தொடாத!”

எங்கள் ஊரில் பிள்ளைகள் விஷயத்தில் அப்பாவின் அக்கா, அதாவது அத்தை, சொன்னால் சொன்னதுதான்.

“அக்காவ எதுத்து நான் பேச முடியாது,” என்றான் செமிசி. “நான் போனப்பறம் நீ பேசு.”

4
[ஒரு முடிவு: ஆக்லாந்தில் அவனுக்கு வேறு ஈரல் கிடைக்கிறது. அடித்துவிட்டேன். அவனை யாரும் அங்கே அனுப்பவில்லை.]

ரத்த வாந்தி எடுத்து இறந்தான். அடக்கத்தன்று, அப்பாவை இழந்த மகளின் கூந்தலை அத்தை வெட்டும் முறைப்படி, லூபே லாவினியாவின் கூந்தலை வெட்டிக்கொண்டிருந்தாள். துக்கத்துக்கு இடுப்பில் சுற்றும் பாயோடு நான் லூபே முன் உட்கார்ந்தேன்.

“இது உங்கம்மாகிட்டேருந்து வந்ததுக்கா. ஒங்களுக்கும் இருக்கலாம், பிள்ளைக்கும் இருக்கலாம். இப்பவே தெரிஞ்சா மாத்திரை இருக்கு.”

கத்திரிக்கோல் நின்றது. “இத அவன் ஏன் எங்கிட்ட சொல்லல?”

இந்த இடத்தில் ஒரு நல்ல வசனம் எழுத முயன்றேன். அன்று நான் சொன்னது இவ்வளவுதான்: “நீங்க அவனுக்கு அக்கா.”

அவள் அழவில்லை. வெட்டிய கூந்தலை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள்.

5
சில நாள் கழித்து இருவரும் வந்தார்கள். லூபே தன் கையை முதலில் நீட்டினாள். “என்னோடத எடு. அவ பாத்து பயம் தெளியட்டும்.”

முடிவுகள் வந்துவிட்டன. ஒருத்திக்குத்தான் நல்ல சேதி. யாருக்கு என்று எழுத எனக்குக் கை வரவில்லை. வெளியே பெஞ்சில் குட்டைமுடிப் பெண் அத்தையின் தோளில் தூங்குகிறாள். என் இடத்தில் கதவருகே நிற்பது நீங்கள் என்று வையுங்கள். யாரை முதலில் கூப்பிடுவீர்கள்?