தந்தித் தொரையின் ஐந்து குரல்கள்

ருமேனியா தேசத்துப் பௌதிக விஞ்ஞானி ஒக்தாவியன் ப்ரெடா, இலங்கை மலைநாட்டில் பூண்டுலோயாவுக்கு மேலே ஊசிமலைத் தோட்டத்தில் குடியிருந்த காலத்தில், ஒரே நேரத்தில் ஐந்து பாஷையில் ஐந்து விஷயம் பேசிக்கொண்டிருந்தார். வாய் ஒன்றுதான். அதிலிருந்து தோட்டத்தை நிர்வகிக்கிற துரைக்கு இங்கிலீசும், கடை முதலாளிக்குச் சிங்களமும், தேயிலை பறிக்கிற கொழுந்துக்காரிகளுக்குத் தமிழும் வரும். அவரவருக்கு உரியது மட்டும் அவரவர் காதில் விழும். மிச்சமிருந்த ஜெர்மனும் ருமேனிய மொழியும் கேட்க ஆளில்லாமல் தேயிலைக்குள் போய்விடும். ஆரம்பத்தில் சனம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது உண்மைதான். ஆனால் அது பாண் ரொட்டி வாங்கவே விடியற்காலையில் வரிசையில் நிற்க வேண்டியிருந்த பஞ்ச காலம். இந்த வெள்ளைக்காரத் தொரையின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க யாருக்கு அவகாசம் இருந்தது?

அவருடைய பூர்வீகம் பற்றித் தோட்டத்துக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். அங்கேயும் ஒரு மலைநாட்டில், ரயில் நிலைய அதிபரின் மகனாகப் பிறந்தவர். ஒரு தொலைபேசிக் கம்பியில் ஒரு பேச்சுத்தான் போகும் என்று அவருடைய ஊர் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், ஒவ்வொரு பேச்சையும் ஒவ்வொரு அதிர்வின் மேல் ஏற்றிவிட்டால் ஐந்து பேச்சுகள் ஒன்றோடொன்று முட்டாமல் போய்ச் சேரும் என்று வாலிபத்திலேயே செய்து காட்டினார். அதிகாரிகள் வந்தார்கள், காதில் வைத்துக் கேட்டார்கள், நம்முடைய சனத்துக்கு ஒரே நேரத்தில் சொல்வதற்கு அவ்வளவு விஷயம் இல்லையே என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கருவிகளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மனுஷன் விடவில்லை, தன் தொண்டையிலேயே பரீட்சையைத் தொடர்ந்தார். பரீட்சை பலித்துவிட்டது, பிறகு நிறுத்த முடியவில்லை. ஒரு குரலில் பெண்டாட்டியைக் கொஞ்சிக்கொண்டே இன்னொரு குரலில் குழாய் திருத்த வந்தவனோடு சண்டை பிடித்தால் எந்தப் பெண் பொறுப்பாள்? அவள் போய்விட்டாள். பிறகு ஒரு யுத்தம் வந்தது, அரசாங்கம் மாறியது, பல்கலைக்கழக வேலை போனது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தில், வயதான பிறகு, தேயிலை இயந்திரம் பார்க்க வந்த ஒரு குழுவோடு இலங்கைக்கு வந்தார். இறம்பொடையில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரும் அருவி பார்த்தார்கள். இவர் அந்த இரைச்சலுக்குள் எத்தனை சத்தம் தனித்தனியாக இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே நின்றார். பஸ் போய்விட்டது.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்த வருடம் அது. ஊசிமலைக்கு வந்த புதுத் துரைக்குப் பெரிய தலைவலியாக இருந்தது தொலைபேசிதான். பங்களா, ஆபீஸ், ஃபக்டரி மூன்றுக்கும் சேர்த்து ஒரே கம்பி, ஒருவர் பேசினால் மற்றவர் வாயைப் பொத்திக்கொண்டு நிற்க வேண்டும். நடந்தே வந்து சேர்ந்த ப்ரெடா அதைச் சரி செய்து கொடுத்தார். அதற்குப் பதிலாக ஃபக்டரிக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த ஒரு குவாட்டர்ஸ் கிடைத்தது, தந்தித் தொரை என்ற பேரும் கிடைத்தது. தமிழை அவர் பெரட்டுக் களத்தில் படித்தார். காலையில் ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்புகிற இடம் அது, வாத்தியார் செல்லசாமிக் கங்காணி. அதனால் தொரை அன்பாகச் சொல்வதும் அதட்டலாகத்தான் வரும். காய்ச்சலில் கிடந்த பிள்ளையைப் பார்க்கப் போய், கண்ணெல்லாம் கலங்க, "ஏய், இன்னும் என்னா படுக்க? எந்திரி மூதேவி" என்றார். பிள்ளை எழுந்துகொண்டது.

அந்தத் தோட்டத்தில் ஆட்கள் குடியிருக்கிற வரிசை வீட்டை லயம் என்பார்கள், ஒவ்வொரு அறையும் ஒரு காம்பரா. பத்துக் காம்பரா லயத்தில் கடைசிக் காம்பராவில் இருந்தவள் காளியாயி. அவளுக்கும் பொன்னையாவுக்கும் மாரியம்மன் கோயிலில் வைத்துக் கல்யாணம் நடந்தது. பதிவு கிதிவு ஒன்றும் கிடையாது, தோட்டத்தில் அப்போது யார் பதிந்தார்கள்? தோட்டத்துச் சனத்தை இரண்டு தேசமும் பங்கு போட்டுக்கொள்ள ஒப்பந்தம் செய்து, பிரஜாவுரிமைக்கு மனுப் போடச் சொன்னபோது, இந்தியாவுக்குப் போடுவதா இலங்கைக்குப் போடுவதா என்று லயமே குழம்பிக் கிடந்தது. பொன்னையா ஒரு யோசனை சொன்னான்: "ரெண்டு பக்கமும் போட்டு வைப்போம் புள்ள. எது மொதல்ல கெடைக்குதோ அதுல ரெண்டு பேரும் ஏறிக்குவோம்." அவன் இந்தியாவுக்குப் போட்டான், அவள் இலங்கைக்குப் போட்டாள். பாதித் தோட்டம் அந்தக் கெட்டிக்காரத்தனத்தைத்தான் செய்தது. இரண்டும் கிடைத்துவிட்டது. காகிதத்தில் அவர்கள் ஒருவருக்கொருவர் யாரோ எவரோ, இந்தியப் பிரஜையானவன் போய்த்தான் ஆக வேண்டும். கண் தெரியாத தாயைக் கையில் பிடித்துக்கொண்டு பொன்னையா தலவாக்கலையில் ரயில் கோச்சி ஏறினான், தலைமன்னாரில் கப்பல் ஏறினான், நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டப் போனான். கடலைத் தாண்டியும் அதே தேயிலைதான், அதே குளிர்தான். காளியாயி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அவள் இங்கே கொழுந்துக் கூடையைச் சுமந்துகொண்டு, அழுவதற்குக்கூட மலையில் மறைவான இடம் பார்த்து அழுதாள்.

எழுபத்தாறில் அவள் தந்தித் தொரையிடம் போய், ஒரே ஒரு தடவை புருஷனோடு பேச வேண்டும் என்று கேட்டாள். டிரங் கோல் எல்லாம் துரைமார் பேசுகிற சமாச்சாரம். தொரை கம்பியைக் காட்டினார். இந்தக் கம்பி பூண்டுலோயாத் தபால் கந்தோருக்குப் போகிறது, அங்கிருந்து கண்டி, கொழும்பு, தலைமன்னார், கடலுக்கடியில், பிறகு அந்தப் பக்கம். துண்டு துண்டாக இருந்தாலும் எல்லாம் ஒரே கம்பிதான், அதில் ஊர் உலகமெல்லாம் பேசினாலும் இன்னும் இடம் இருக்கும் என்றார். ஆனால் ஒரு பேச்சு தானாகப் போகாது, இன்னொரு குரலின் முதுகில் ஏறித்தான் போகும். சுமந்து போன குரல் திரும்பி வராது. இந்தக் கடைசி விஷயத்தை அவளிடம் அவர் சொல்லவில்லை.

முதல் தடவை ஜெர்மன் குரலை அனுப்பினார். கோத்தகிரித் தோட்டத்து ஆபீஸில் தொலைபேசி மணியடிக்காமலே பொன்னையாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது. அங்கிருந்த கிளார்க்கும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் மலைக்கு ஆள் அனுப்பினார். புருஷனும் பெண்டாட்டியும் பேசினார்கள். பாதி நேரம் இரண்டு பக்கமும் அழுகைதான். அடுத்த வருடம் சிங்களக் குரல் போனது. கடை முதலாளி என்ன கோபமோ என்று நினைத்துக்கொண்டார். அதற்கடுத்து இங்கிலீசுக் குரல். துரை பங்களாவில் ஒரு விருந்தில் கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வராமல் முகம் கறுத்துப் போனார். அப்போதுதான் காளியாயிக்கு விளங்கியது. தலையில் அடித்துக்கொண்டாள். இனி வேண்டாம் என்று சொல்லத்தான் போனாள். ஆனால் தொரையைக் கண்டதும் வாயில் வேறு வந்தது: "தொரை, ஒவ்வொரு வாட்டியும் பேசிட்டு வச்சுப்புட்டா எனக்கு உசுரு போயிட்டு வருது. அவுக பேச்ச ஒரேயடியா இங்கயே கொண்டாந்துர முடியாதுங்களா?"

முடியும் என்றார் தொரை. தொலைதூரப் பேச்சுக்கும் நிரந்தரமாக வருவதற்கும் ஒரு குரல்தான் செலவு. மிச்சம் இருந்தது தமிழும் ருமேனியமும். ருமேனியம் தாய்ப்பாஷை. அதை இங்கே யாரோடு பேசப் போகிறேன் என்று அவர் சொன்னார். இருந்தாலும் ஒவ்வொரு நாளும் சாயந்தரம் குவாட்டர்ஸ் வாசலில் நின்று அதில் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பார் என்பது பக்கத்து லயத்துக்கெல்லாம் தெரியும். சேதி பூண்டுலோயா டெய்லர் எழுதிக் கொடுத்த காகிதத்தில் கோத்தகிரிக்குப் போனது. பொன்னையாவின் பதிலை அங்கே யாரோ எழுதியிருந்தார்கள். குரலைக் கொடுத்துவிட்டால் நான் ஊமையாகிவிடுவேன், அது பரவாயில்லை, ஆனால் அம்மாவுக்குக் கண் தெரியாது, நான் இருக்கிறேன் என்பது அவளுக்கு என் சத்தத்தில்தான் தெரியும், கொஞ்சம் பொறு என்றது பதில். எதற்குப் பொறுக்கச் சொல்கிறான் என்பது எல்லோருக்கும் விளங்கியது. மாமியார் சாகட்டும் என்று காளியாயி காத்திருந்தாள் என்று சொன்னால் கேட்க அசிங்கமாக இருக்கும். அதுதான் நடந்தது. மாரியம்மனிடம் போனால் என்ன வேண்டுவது என்று தெரியாமல் சும்மா கும்பிட்டுவிட்டு வந்தாள். தொரைக்கோ மூச்சிரைப்பு வந்துவிட்டது. குரல் தேய்ந்துவிடக் கூடாதென்று சாயந்தரப் பேச்சை நிறுத்திவிட்டு, தமிழில் மட்டும் எல்லோரையும் வைதுகொண்டு படுத்திருந்தார். யார் முந்துவார்கள் என்ற கவலையில் காளியாயி பாதியாக இளைத்துவிட்டாள்.

கொத்மலையில் அணை கட்டுவதற்கு வெடி வைக்கத் தொடங்கிய வருடம், கிழவி தூக்கத்தில் போய்ச் சேர்ந்தாள். காரியம் முடிந்ததும் பொன்னையா ஆபீஸுக்கு வந்து தொலைபேசி முன்னால் நின்றான். இங்கே தொரை ஃபக்டரிக் கம்பியிலிருந்து லயத்தில் துணி காயப்போடுகிற கொடிக்கம்பி வரை ஒரு கம்பியை இழுத்துக் கட்டிவிட்டு, ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டார். முதலில் இருமல் வந்தது. அது பொன்னையாவின் இருமல் என்று லயமே சொன்னது. பிறகு தொண்டையைக் கனைக்கிற சத்தம், பிறகு, "ஏய் காளி, என்னா புள்ள இப்படி எளச்சுப் போயிட்ட?" கண் இல்லாத குரலுக்கு அது எப்படித் தெரிந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. காளியாயி கொடிக்கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

குரல் கடைசிக் காம்பராவின் கூரைக்கடியில் தங்கியது. சும்மா சொல்லக் கூடாது, பல புருஷன்மாரைவிட உபயோகமாகத்தான் இருந்தது. சோறு பொங்கினால் சொல்லும், அயல் வீட்டு நாயை விரட்டும், தீபாவளிக்குப் பாடும். லயத்தில் காம்பராச் சுவர்கள் கூரை வரைக்கும் போவதில்லை. ஆகவே அவர்களுடைய சண்டையும் கொஞ்சலும் பத்து வீட்டுக்கும் பொதுவாக இருந்தன. கோத்தகிரியில் இருந்த பொன்னையா பேசாமல் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தான். இரண்டு அரசாங்கத்துக்கும் கணக்குச் சரியாக இருந்தது. தந்தித் தொரை எண்பத்திரண்டில் காலமானார். ஒற்றைத் தமிழ்க் குரல்தான் மிச்சம். கடைசியாகக் கஞ்சி கொண்டுபோன காளியாயியிடம், "அழாத கழுத, போய்க் கொழுந்து எடு" என்றார். மாதா கோயில் உபதேசியார் இக்னேசியஸ் ஜெபம் சொல்ல, ஃபக்டரிக்கு மேலே தேயிலைக்குள் அடக்கம் பண்ணினார்கள். அடுத்த வருடம் கலவரத்தில் சனமெல்லாம் மலைக்குள் பதுங்கியபோது, பதுங்க வேண்டிய அவசியம் இல்லாத குரல் லயத்துக்குக் காவல் இருந்தது.

எண்பத்தாறு ஐப்பசி மழையில் கோத்தகிரியிலிருந்து தந்தி வந்தது. மண் சரிந்து பொன்னையா செத்துவிட்டான். செல்லசாமிக் கங்காணி முறைப்படி கோடிச் சேலை எடுத்துக்கொண்டு வந்தார், தாலி அறுக்கப் பெண்டுகள் வந்தார்கள். வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். கூரைக்கடியிலிருந்து குரல், "யாரு செத்துப் போனாங்களாம்?" என்று கேட்டது. அடுத்த காம்பரா வீரம்மாதான், "நீங்கதாண்ணே" என்றாள்.

குரல், "அப்படியா" என்றது. "சரி, ஏன் எல்லாரும் நனைஞ்சிக்கிட்டு நிக்கிறீங்க? உள்ளுக்கு வாங்க. காளி, தண்ணி கொதிக்குது பாரு." பெண்டுகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வீட்டு ஆம்பிளை கூப்பிட்ட பிறகு எப்படிப் போகாமல் இருப்பது? உள்ளே போய் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார்கள். கங்காணி கோடிச் சேலையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டாவது கோப்பையும் வாங்கிக் குடித்தார். தாலியைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு காளியாயி அடுப்படியில் உட்கார்ந்து, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்:

"வலிச்சுச்சாங்க?"

"எனக்கெங்க தெரியும் புள்ள? நான் இங்கதான இருந்தேன்."

அவள் மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு, சோற்றுக்கு அரிசி களைந்தாள்.