யாரும் இன்னும் தொடவில்லை

முதுகில் ஓர் உள்ளங்கை விழப்போகிறது, இன்னும் விழவில்லை, ஒருத்தி கிழக்கும் அடுத்தவள் மேற்குமாக முகம் திருப்பி வரிசையாய்க் குந்தியிருக்கிறோம், பின்னால் ஓடி வருகிறவள் தொட்டுக் கோ என்று சொல்லும்வரை எழக் கூடாது, சொன்னதும் நான் எழுந்து துரத்துவேன், என் இடத்தில் அவள் உட்காருவாள், கோகோவில் அதுதான் சட்டம், கோட்டுக்கு வெளியே செசிலி டீச்சர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நல்லாத் தொடுடீ, தூசியா தட்டுற என்று கத்துகிறார், இல்லை, கத்துவது ஒலிபெருக்கி, டீச்சர் என் பக்கத்தில் மாலை போட்ட படமாக இருக்கிறார், போய் ஒரு வருடமாகிறது, எங்களுக்கு அறிவியல் நடத்தி, காலம் முழுக்கக் கோகோ பழக்கியவர் பெயரில் பழைய மாணவிகள் நாங்கள் வைத்த உதவித்தொகை, ஆடுகிற பிள்ளை ஒருத்தியைக் கல்லூரிக்கு அனுப்ப, முதல் உறையை அஞ்சுகம் என்ற பிள்ளைக்குக் கொடுக்க என்னை மேடையில் உட்காரவைத்திருக்கிறார்கள்.

செசிலி டீச்சர் எங்க குடும்பத்துல ஒருத்தரா இருந்தாங்க என்று தாளாளர் மைக்கில் கண்ணைத் துடைக்கிறார், எந்தக் குடும்பம், பொம்பளப் பிள்ளைக அரை டவுசர் போட்டு ஆட இதென்ன சர்க்கஸ் கூடாரமா என்று மைதானத்துக்குப் பூட்டுப் போட்டவர் இதே மனிதர்தானே, டீச்சர் எங்களை அரிசி ஆலைக் களத்துக்குக் கூட்டிப்போய்ச் சுண்ணாம்பால் கோடு போட்டார், முட்டி தேய்ந்து ஜெயித்து வந்தோம், கோப்பையை மட்டும் இந்தத் தாளாளர் கூசாமல் தன் அறை அலமாரியில் வைத்துக்கொண்டார், இப்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து குனிந்து சொல்கிறார், பேர மாத்தியாச்சும்மா, அஞ்சுகத்துக்கு அட்டண்டன்ஸ் பத்தல, ஒழுங்கா வகுப்புக்கு வந்த பிள்ளைக்குக் குடுத்துருவோம். அஞ்சுகம் எங்க சார் போனா, ஊர் சுத்தவா, நீங்க கையெழுத்துப் போட்டு அனுப்புன ஆட்டத்துக்குத்தானே, அவ வாங்குன கோப்பை இந்தா நம்ம முன்னாடி இருக்கே. அதெல்லாஞ் சரிம்மா, சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல. சட்டமாம், யார் வைத்த பணத்துக்கு யார் சட்டம் போடுவது, உள்ளே வரும்போது வாசலில் அஞ்சுகத்தின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், இது கெடைச்சா காலேசு அக்கா, இல்லாட்டி திங்கக்கெழம வேலைக்குக் கூட்டிட்டுப் போக மில்லு வேன் வந்துரும்.

அந்த வேன் எனக்கு வேறு உருவத்தில் வந்தது, மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று அப்பா வகுப்பு வாசலில் வந்து நிற்கிறார், மாவட்டப் போட்டிக்குப் போகும் பஸ் வெளியே உறுமுகிறது, நான் பெஞ்சில் உறைந்துபோயிருக்கிறேன், பின்னாலிருந்து முதுகில் பளீரென்று ஓர் அடி, கோ, நான் எழுந்து அந்தப் பக்க வாசல் வழியாக ஓடுகிறேன், டீச்சர் என் இடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து அப்பாவிடம் சொல்வது காதில் விழுகிறது, இந்த எடத்துல இப்ப நான்தான் இருக்கேன், என்னையக் கூட்டிட்டுப் போறீகளா, அன்று ஓடியவள்தான் இன்று பட்டுச்சேலையில் இங்கே உட்கார்ந்து இந்த மனிதரின் கண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், சீ, என்ன பிழைப்பு இது. பேரை வாசிங்கம்மா என்று மைக்கை நீட்டுகிறார், நான் உறையை மட்டும் எடுத்துக்கொண்டு படியிறங்குகிறேன், எங்கம்மா போறீங்க, பிள்ளைகள் வரிசை வரிசையாக மைதானத்து மண்ணில், சுற்றிக்கொண்டு பின்னால் போகிறேன், அஞ்சுகம் திரும்பிப் பார்க்கவில்லை, பழக்கம் அப்படி, ஆனால் தோள் நிமிர்கிறது, என் உள்ளங்கை அவள் முதுகில் விழுகிறது, கோ, துள்ளி எழுகிறாள், உறையை அவள் கையில் திணிக்கிறேன், வாசலில் நிற்கும் அம்மாவை நோக்கி ஓடுகிறாள், பிள்ளைகள் ஓவென்று கத்துகிறார்கள், அவள் இருந்த இடம் இன்னும் சூடாக இருக்கிறது, பட்டுச்சேலையோடு அதில் உட்காருகிறேன். எந்திரிங்கம்மா, பாக்குறவுக என்ன நெனைப்பாக என்று தாளாளர் மைக்கிலேயே கெஞ்சுகிறார். நான் எழவில்லை, எழக் கூடாது, என் முதுகை யாரும் இன்னும் தொடவில்லை.