தங்கமான பெண்ணுக்கு இங்கிலீஷில் என்ன?

பிப்ரவரி 12, புதன்.
நேற்று ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். இன்றுதான் தெரிந்தது. சாப்பிடும்போது அண்ணியைப் பற்றி எல்லோர் முன்னாலும் ஓர் இங்கிலீஷ் வாக்கியம் சொன்னேன். பாதி அர்த்தம் தெரிந்துகொண்டு சொன்னது. மீதிப் பாதியை வகுப்பில் சொன்னார்கள். திருத்த வேண்டும்.

இவ்வளவும் எழுதிவிட்டு, 'சிறு' என்ற சொல்லை அடிப்பதா வேண்டாமா என்று பேனாவைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளை வீட்டில் ஸ்கேல் என்று கூப்பிடுவார்கள். பட்டம் சூட்டியது அண்ணன். நாட்குறிப்புக்கே ஓரம் கோடு போட்டு எழுதுகிறவளை வேறெப்படிக் கூப்பிடுவது என்பது அவன் கட்சி. பகலில் அவளுக்குப் பெயின்ட் கடையில் நிறம் கலக்கும் வேலை. மாலையில் இங்கிலீஷ் வகுப்பு. அந்த வகுப்பில் வாரத்துக்கு ஒருவர் குலுக்கிப்போட்ட சீட்டு ஒன்றை எடுக்க வேண்டும். அதில் இருக்கும் சொல்லை வாரம் முழுக்கத் துரத்தி, எங்கெங்கே என்னென்ன வேஷத்தில் வருகிறது என்று பார்த்துவந்து சொல்ல வேண்டும். போன புதன்கிழமை சீட்டு எடுத்தது அவள். வந்த சொல் 'கோல்டு'.

பிரித்துப் பார்த்ததும் சப்பென்று ஆகிவிட்டது. கோல்டு என்றால் தங்கம். நாலெழுத்தில் முடிந்த வேலை. மற்றவர்களுக்கெல்லாம் வளமான சொல் வர, தனக்கு மட்டும் இப்படி வாய்த்ததே என்று நினைத்தாள். அப்புறம்தான் அந்தச் சொல் போகிற இடமெல்லாம் காலில் இடற ஆரம்பித்தது.

முதலில் இடறியது கடையில். திங்கட்கிழமை சலூன்காரர் ஒருவர் வந்தார். கடைச் சுவருக்குக் கோல்டு வேண்டும் என்றார். ஸ்கேல் நிற அட்டையை விரித்து, கோல்டு என்று அச்சடித்த கட்டத்தைக் காட்டினாள்.

"என்னம்மா இது, கடுகை அரைச்சு அப்பின மாதிரி இருக்கு. நான் கேட்டது தங்கம்."

"இங்கிலீஷ்ல இந்த நிறத்துக்குப் பேரே கோல்டுதான் அண்ணா."

"அப்ப இங்கிலீஷ்காரன் தங்கத்தைக் கண்ணால பார்த்ததே இல்லையா?"

உள்ளே டப்பா அடுக்கிக்கொண்டிருந்த முதலாளி தலையை நீட்டாமலே குரல் கொடுத்தார். "பார்த்தான், பார்த்தான். பார்த்துட்டுத்தானே தூக்கிட்டுப் போனான்."

சலூன்காரர் கடைசியில் மினுமினுக்கும் பெயின்ட் வாங்கிக்கொண்டு போனார். ஸ்கேலுக்கு மட்டும் அது மனதில் ஒட்டிக்கொண்டது. இங்கிலீஷில் தங்க நிறம் மின்ன வேண்டியதில்லை. நமக்கு மின்னாவிட்டால் அது வெறும் மஞ்சள். சலூனில் இருக்கும் கண்ணாடித் தொட்டி மீனோ ஆரஞ்சு நிறம். அதற்கும் கோல்டு ஃபிஷ் என்று பேர். ஒரே சொல் மூன்று நிறத்துக்குக் கையெழுத்துப் போடுகிறது. இது சரியா, தான்தான் தப்பாகப் புரிந்துகொண்டோமா என்று அன்று இரண்டு தடவை அட்டையைப் பார்த்தாள்.

அடுத்தது வீட்டிலேயே இருந்தது. அண்ணி இந்த வீட்டுக்கு வந்து ஏழெட்டு மாதம் ஆகிறது. பெண் பார்த்துவிட்டு வந்த அன்றிலிருந்து அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை, "பொண்ணு கோல்டு மெடலிஸ்ட்." அந்த மெடலை வீட்டில் யாரும் பார்த்ததில்லை. செவ்வாய்க்கிழமை மாலை ஸ்கேல் கேட்டதும் அண்ணி பீரோவின் அடித்தட்டிலிருந்து எடுத்துத் தந்தாள். வேதியியலில் முதலாவதாக வந்ததற்குக் கிடைத்தது. ஓரத்தில் பூச்சு தேய்ந்து வெளுத்திருந்தது.

"இது தங்கம் இல்லையா அண்ணி?"

"மேல மட்டும்."

"அப்புறம் ஏன் கோல்டு மெடல்னு சொல்றாங்க?"

"உள்ள இருக்கற வெள்ளியைச் சொன்னா ரெண்டாவதா வந்தேன்னு ஆயிடும் பாப்பா."

ஸ்கேல் அசந்துபோனாள். அங்கே கோல்டு என்றால் உலோகமும் இல்லை, நிறமும் இல்லை. முதல் என்று அர்த்தம். அவ்வளவுதான்.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது அம்மா வழக்கம்போல, "எங்க மருமக தங்கம். மெடல் எதுக்கு?" என்றாள். அண்ணன் சும்மா இருக்காமல், "ஏ ஸ்கேலு, தங்கமான பொண்ணுக்கு இங்கிலீஷ்ல என்ன, சொல்லு பார்ப்போம்" என்றான். அவள் காலையிலேயே போனில் பார்த்து வைத்திருந்தாள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள். "அண்ணி இஸ் ஆஸ் குட் ஆஸ் கோல்டு."

அம்மாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டு, பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்வதற்காகத் தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அண்ணி சிரித்தாள். பிறகு மற்றவர்கள் சாப்பிட்டு முடிக்கும் முன்பே தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

மறுநாள் வகுப்பில் ஸ்கேல் தன் வேட்டையை அவிழ்த்துவிட்டாள். சலூன்காரர் கதைக்கு எல்லோரும் சிரித்தார்கள். நர்ஸ் ஒருத்தி, விபத்தில் அடிபட்டவரைக் கொண்டுவர வேண்டிய முதல் ஒரு மணி நேரத்துக்கு 'கோல்டன் அவர்' என்று பேர் என்றாள். லாரி டிரைவர், "பொன்னான நேரம்னு மேடையில பேசறவங்கதான் சொல்லிக் கேட்டிருக்கேன். சொல்லிட்டு அதை வீணாக்கறதும் அவங்கதான்" என்றார். கடைசியாக ஸ்கேல், அண்ணியைப் பற்றித் தான் சொன்ன வாக்கியத்தைச் சொன்னாள்.

டீச்சர் பகலில் விமான டிக்கெட் போடும் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். எதையும் ஒருமுறை சரிபார்க்காமல் விடமாட்டாள். "அண்ணிக்கு என்ன வயசு?" என்று கேட்டாள்.

"இருபத்தஞ்சு."

வகுப்பில் சிரிப்பலை.

"தப்புன்னு சொல்ல முடியாது. ஆனா அதைப் பெரும்பாலும் சின்னப் பிள்ளைங்களுக்குத்தான் சொல்வாங்க. நீங்க வெளியே போயிட்டு வந்து, 'குழந்தை அழுதுச்சா, படுத்தி எடுத்துச்சா?'ன்னு கேட்டா, பார்த்துக்கிட்டவங்க சொல்வாங்க, 'இல்லையே, குட் ஆஸ் கோல்டு'ன்னு. வெச்ச இடத்துல இருந்துச்சு, ஒரு தொல்லையும் இல்லைன்னு அர்த்தம்."

"பெரியவங்களுக்குச் சொன்னா?"

"தலையைத் தடவிக் குடுக்கற மாதிரி இருக்கும்."

இதுதான் அந்த மீதிப் பாதி. 'சிறு' என்ற சொல்லை அடிக்காமல் விட்டுவிட்டு ஸ்கேல் எழுந்து சமையலறைக்குப் போனாள். தவறு என்று தெரிந்தபின் அதை வைத்துக்கொண்டு தூங்க அவளால் முடியாது.

அண்ணி அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அம்மா கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, நேத்து சொன்னேனே, குட் ஆஸ் கோல்டு. அதைத் தப்பாச் சொல்லிட்டேன். அது வெச்ச இடத்துல இருக்கற குழந்தைக்குச் சொல்றதாம்."

அண்ணியின் கை நின்றது. பிறகு தோள் குலுங்கியது. சத்தம் வராமல் சிரித்தாள்.

"சரியாத்தான் சொல்லியிருக்கே பாப்பா. தங்கமான பொண்ணு. தங்கியே இருக்கற பொண்ணு."

ஸ்கேலுக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை, ஆர்வம். "தங்கறதுலேர்ந்துதான் தங்கம்கிற சொல் வந்துச்சா அண்ணி?"

"யாருக்குத் தெரியும். எனக்கு அப்படித்தான் வந்துச்சு."

அந்தப் பதில் காதில் விழுந்து, உள்ளே இறங்க ஒரு நிமிஷம் ஆனது. ஸ்கேல் குரலைத் தாழ்த்தினாள். "எங்கயாவது போகணுமா அண்ணி?"

அண்ணி கூடத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்பே எழுதிப்போட்ட வேலை. வெள்ளிக்கிழமைக்குள் வருகிறேன், இல்லை என்று பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியும். அத்தைகிட்ட நேரம் பார்த்துச் சொல்லலாம்னாரு. பார்த்துக்கிட்டே இருக்காரு. ஜோசியர்கூட இவ்வளவு பார்க்கமாட்டார்."

"நீங்களே சொல்லிடலாமே. அம்மா என்ன கடிச்சா தின்னுடுவாங்க?"

"கடிக்கிற மாமியார்னா சுலபம் பாப்பா. சண்டை போட்டுட்டுப் போயிடலாம். தங்கம் தங்கம்னு கொஞ்சுற வாய்கிட்ட எனக்கு இது வேணும்னு எப்படிக் கேக்கறது? கேட்ட மறுநாளே தங்கம் இல்லாம போயிடுவேனே."

பொன்னூசி என்பதற்காகக் கண்ணைக் குத்திக்கொள்ள முடியுமா என்று அம்மாவே அடிக்கடி சொல்வாள். அது நினைவுக்கு வந்ததும் ஸ்கேலுக்கு உறைத்தது. ஊசி ஏற்கெனவே இருந்தது. நேற்று அதை இங்கிலீஷில் கூர் தீட்டிக் கொடுத்தது அவள்தான். வேலை விஷயம் அண்ணி சொல்ல வேண்டியது. அதில் தலையிட உரிமை இல்லை. ஆனால் வாக்கியம் தன்னுடையது. அதையாவது திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள். முதலில் என்ன, அப்புறம் என்ன என்று மனதுக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்ததெல்லாம் முதல் வரியிலேயே குலைந்தது.

"அம்மா, நேத்து நான் சொன்ன இங்கிலீஷ் தப்பு."

"தப்பா? பக்கத்து வீட்டு அக்காகிட்ட சொல்லிட்டேனேடி."

"அது தொல்லை குடுக்காத குழந்தைக்குச் சொல்றதாம்."

"அப்ப சரிதானே. இவ ஒரு நாள் ஒரு தொல்லை குடுத்திருப்பாளா? வந்த நாள்லேர்ந்து எனக்கு இது வேணும்னு வாயைத் திறந்திருப்பாளா?"

எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றிவிட்டோம் என்று ஸ்கேல் உள்ளுக்குள் சுருண்டுபோனாள். பேசாமல் இருந்திருக்கலாம். எப்போதும் இப்படித்தான், திருத்தப் போய் இன்னொரு கோணல்.

அப்போது அண்ணி, "அத்தை" என்றாள். "இப்ப ஒரு தொல்லை குடுக்கணும்."

அம்மா திரும்பினாள். "என்னம்மா, உடம்புக்கு முடியலையா?"

"வேலைக்குப் போகணும்."

முழுக்கச் சொன்னாள். பரிசோதனைக் கூடம், விடியற்கால வேலை, வெள்ளிக்கிழமைப் பதில். அம்மா கையில் சோற்றோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இவனுக்குத் தெரியுமா?"

அண்ணன் தட்டுக்குள்ளேயே குடியேறிவிட்டிருந்தான். "தெரியும்மா."

"எனக்கு மட்டும்தான் தெரியாது. வாய்க்கு வாய் தங்கம்னு சொன்னவகிட்டதான் யாரும் சொல்லலை."

"அப்படிச் சொன்னதாலதான் அத்தை சொல்ல முடியல."

"ஏன், சொல்லியிருந்தா பித்தளைன்னா சொல்லிடுவேன்?"

அதற்குப் பதில் அம்மாவுக்கே தெரியாது என்பது, அவள் சோற்றை வாயில் போடாமல் பிசைந்துகொண்டே இருந்ததில் தெரிந்தது. பிறகு வேறு குரலில் கேட்டாள்.

"அங்க போய் என்னதான் பண்ணுவே?"

"தண்ணியை எடுத்துப் பார்க்கணும் அத்தை. மருந்து கூடிடுச்சா, குறைஞ்சுடுச்சா, கிருமி இருக்கா, உப்பு எவ்வளவுன்னு. சரியா இருந்தாத்தான் குழாய்ல விடுவாங்க."

"நம்ம குழாய்லயும் அந்தத் தண்ணிதானா?"

"ஆமா."

"அப்ப இத்தனை நாள் அதை யார் பார்த்தாங்க?"

"யாராவது ஒருத்தங்க பார்த்திருப்பாங்க."

"ஒழுங்கா பார்த்தாங்களா?"

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவுக்கு வரவில்லை. அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். குடத்துத் தண்ணீரை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

அண்ணன் அப்போதுதான் தலையைத் தூக்கினான். "காலைல முதல் பஸ்ஸைப் பிடிச்சாத்தான் நேரத்துக்குப் போக முடியும். அது நம்ம தெருமுனைல நிக்காது."

"நிக்கும்" என்றாள் அண்ணி. "விசாரிச்சேன்."

"நான் பார்த்திருக்கேன், நிக்காம போகும்."

"நீ எந்தக் காலத்துலடா அந்த நேரத்துக்கு எழுந்தே?" என்றாள் அம்மா. பிறகு அண்ணியின் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டுவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள். "நிக்குதா இல்லையான்னு பார்க்காம, போன்ல வரேன்னு எப்படிச் சொல்றது?"

அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். வரேன் என்ற சொல்லை அம்மா சொல்லியிருக்கிறாள் என்பது அண்ணனைத் தவிர எல்லோருக்கும் புரிந்தது.

ஸ்கேல் நாட்குறிப்பைத் திறந்து, முன்பு எழுதியதற்குக் கீழே ஒரு வரி விட்டு எழுதினாள்.

நாளை: விடிவதற்குள் எழுந்து தெருமுனைக்குப் போக வேண்டும். முதல் பஸ் நிற்கிறதா என்று பார்த்துவந்து அம்மாவிடம் சொல்ல வேண்டும்.