மால்டா எவ்வளவு பெரிசு

ஒரே ஒரு மார்க். அதற்காகத் தாளாளர் வேதமணியின் அறையில் மூன்று பேர் முக்கால் மணி நேரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள்.

கேள்வி இதுதான்: மத்தியதரைக்கடலின் தீவு நாடுகளில் பெரியது எது? சமூக அறிவியல் டீச்சர் விஜிலா எதிர்பார்த்த பதில் சைப்ரஸ். கப்பல்களுக்குக் காய்கறியும் இறைச்சியும் சப்ளை செய்கிற டிக்சனின் மகன் மால்டா என்று எழுதி, முதலிடத்தைக் கோட்டைவிட்டிருந்தான்.

டிக்சன் பள்ளிக் கமிட்டியில் பெரிய தலை. இந்த மாதம் துறைமுகத்துக்கு வந்த ஏழு கப்பல்களின் பின்பக்கத்தில் மால்டாவின் தலைநகர் வலெட்டாவின் பெயர் இருந்தது, சைப்ரஸின் லிமாசோல் இரண்டில்தான் இருந்தது என்றார். அத்தனை கப்பல் வைத்திருக்கிற நாடு எப்படிச் சின்னதாக இருக்கும் என்று கேட்டார்.

விஜிலாவுக்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இந்தக் கரையில் பலரும் கப்பலின் பின்பக்கத்தைப் பார்த்துத்தான் பூகோளம் படித்தார்கள். எங்கே பதிவு செய்ய வசதியோ அந்த ஊர்ப் பெயரை எழுதிக்கொள்வது கப்பல் முதலாளிகளின் வழக்கம் என்று யாரும் சொல்லித்தரவில்லை. அவளும் தோணிக்காரர் மகள்தான். பனாமாதான் உலகத்திலேயே பெரிய நாடு என்று அவள் பள்ளிப் பரீட்சையில் எழுதியபோது, போனால் போகிறதென்று அப்போதைய டீச்சர் மார்க் போட்டுவிட்டார். கல்லூரியில் அதையே சொன்னபோது வகுப்பே சிரித்தது. மூன்று வருடமும் அவளுக்குப் பனாமா என்றே பெயர். அந்த டீச்சரின் இரக்கத்தை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

“நம்ம மாவட்டத்துக்குள்ள பத்து மால்டாவப் போட்டாலும் எடம் மிஞ்சும் அண்ணாச்சி,” என்றாள். “சின்னதா இருக்கது கேவலமா? ஆயிரத்து ஐந்நூத்து அறுவத்தஞ்சுல துருக்கி சுல்தான் படை கிட்டத்தட்ட நாலு மாசம் வளைச்சுக் கெடந்தும் அந்தத் தீவப் பிடிக்க முடியாமத் திரும்பிப் போச்சு.”

அதுவரை டீச்சர், டீச்சர் என்றுகொண்டிருந்த டிக்சனின் முகம் சிவந்தது. “ஏளா, முப்பது வருசமா கப்பல்ல ஏறி எறங்குதேன். எனக்கே சொல்லுதியா?”

அந்த அதட்டலைத் தாளாளர் கண்டுகொள்ளவில்லை. ஆறு வருடமாகத் தற்காலிகமாகவே இருக்கும் விஜிலாவின் நிரந்தர வேலைக்கான ஆர்டர் தம் மேசையில் கையெழுத்துக்குக் கிடக்கிறது என்று மட்டும் நினைவூட்டினார். ஒரு மார்க்கைப் போட்டால் பிரச்சினை முடிந்தது என்றார்.

அவள் சிவப்புப் பேனாவை எடுத்தாள். இருவர் முகமும் தெளிந்தது. பையனின் விடைத்தாளில் தவறு என்று போட்டிருந்த இடத்துக்குக் கீழே, மால்டா 316 சதுர கிலோமீட்டர், சைப்ரஸ் 9,251 என்று எழுதி, முழுப் பெயரில் கையெழுத்தும் தேதியும் போட்டாள்.

“ஆர்டர நீங்க என்ன வேணும்னாலும் செய்யுங்க சார். தப்புக்கு நான் மார்க் போட மாட்டேன்.”

திங்கட்கிழமை வருகைப் பதிவேட்டில் அவள் பெயரை அடித்திருந்தார்கள். ஓரமாக நின்று அழுதுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அப்புறம் அடித்த பெயருக்குக் கீழேயே மறுபடி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒன்பதாம் வகுப்புக்குப் போய்க் கரும்பலகையில் மத்தியதரைக்கடலை வரைய ஆரம்பித்தாள்.

பாதி வரைவதற்குள் வேதமணி வாசலில் வந்து நின்று, உடனே கீழே வரச் சொன்னார்.

“பாடம் முடியட்டும் சார். அப்புறம் வாரேன்,” என்றாள் திரும்பாமலே.

சைப்ரஸை உள்ளங்கை அளவுக்கு வரைந்தாள். பிறகு, இத்தாலியின் சிசிலித் தீவுக்குத் தெற்கே சாக்பீஸை ஒரே தரம் அழுத்தி எடுத்தாள். அவ்வளவுதான் மால்டா.