கொம்புக்கொடிக்கு அறுநூறு போட்டோ

முருகலட்சுமியைக் கேட்டால் உலகத்தில் உள்ள செடிகொடிகள் மொத்தம் மூன்றே வகை. ஆடு தின்பது, ஆடு தின்னாதது, ஆடு தின்றுவிட்டு வயிற்றால் போவது. இதற்கு மேல் செடியைப் பற்றித் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்று அவளுக்கு விளங்கியதே இல்லை. முப்பத்து நாலு ஆடு வைத்திருப்பவளுக்கு அது போதும். புருஷன் திருப்பூரில் இருந்துகொண்டு பொங்கலுக்குப் பொங்கல் முகம் காட்டுகிற ஆள். வீட்டில் அடுப்பு எரிவதும், மகள் தங்கலட்சுமி மதுரையில் நர்சிங் படிப்பதும் ஆட்டால்தான். அந்த ஆடுகள் உயிர் வாழ்வதோ ஊருக்கு மேற்கே கிடக்கும் முப்பத்தெட்டு ஏக்கர் மேய்ச்சல் புறம்போக்கில்.

ஐப்பசியில் அதற்கு வேட்டு வந்தது. ஊர் வேலாங்குறிச்சி, திருச்சுழியிலிருந்து ஏழு கிலோமீட்டர். அங்கே ஊராட்சி ஆபீஸ் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். மேய்ச்சல் நிலத்தை சோலார் கம்பெனி ஒன்றுக்குக் குத்தகைக்கு விடப்போகிறார்களாம், ஆட்சேபணை இருந்தால் இருபது நாளுக்குள் சொல்ல வேண்டுமாம். காரணமும் போட்டிருந்தது: 'மேற்படி நிலத்தில் தாவரம் ஏதுமில்லை.'

எப்படி இருக்கும்? கணக்கெடுக்க வந்த மகராசன் அக்கினி நட்சத்திரத்தில் வந்தான். உச்சிவெயில். காரைவிட்டு இறங்கவில்லை. கண்ணாடியை நாலு விரல் இறக்கிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். அந்த நேரத்தில் இந்தச் சீமையில் மனுஷனே தட்டுப்பட மாட்டான், புல்லா நிற்கும்? இப்போது வந்து பார்க்க வேண்டும் அவன். இரண்டே மழைக்குக் கொழுக்கட்டைப்புல்லும் ஆவாரையும் முழங்கால் உயரம் நின்றன.

நோட்டீஸ் ஒட்டிய மறுநாள், மேய்ச்சல் காட்டில் ஒருவன் கள்ளிப் புதருக்கு முன்னால் குப்புறக் கிடந்து நெளிவதை முருகலட்சுமி பார்த்தாள். வலிப்பு என்று நினைத்து, இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை உருவிக்கொண்டு ஓடி அவன் கையில் திணித்தாள்.

"அய்யோ, எனக்கு ஒண்ணும் இல்லக்கா! போட்டோ எடுக்கேன்."

அவன் பெயர் ஜெகதீஸ்வரன். அருப்புக்கோட்டையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் வாத்தியார். மாவட்டத்தில் உள்ள செடிகளையெல்லாம் போட்டோ எடுத்து, எந்த இடம் என்று மேப்பில் புள்ளி வைத்து, 'நம்ம பச்சை' என்ற இணையத் தரவுத்தளத்தில் ஏற்றுகிற வேலையும் பார்த்துக்கொண்டிருந்தான். போனில் அதற்கென்று ஒரு ஆப் இருந்தது.

"இது என்ன கொடின்னு தெரியுமாக்கா?"

"கொம்புக்கொடி. காய் விட்டா ரெட்டையா ஆட்டுக்கொம்பு கணக்கா இருக்கும். ஆடு உசுரை விட்டுத் திங்கும். கள்ளிக்குள்ள கிடக்கப்போயி இந்த ஒண்ணு மட்டும் தப்பிச்சிருக்கு."

"இந்த ஒண்ணுதான்க்கா! தொண்ணூறு வருசத்துக்கு முன்னாடி யாரோ பார்த்ததா எழுதி வச்சிருக்காங்க. அதுக்கப்புறம் ஒருத்தர் கண்ணுலயும் படல. உலகத்துலயே இந்த ஒரு இடந்தான்."

"அதுனால என்ன?"

"இங்க மட்டுந்தான் இருக்குன்னு நம்ம பச்சையில பதிவாயிருச்சுன்னா, இந்த நிலத்துல எந்தக் கம்பெனியும் கால் வைக்க முடியாதுக்கா."

முருகலட்சுமிக்கு அவனைக் கட்டிக்கொண்டு ஒரு முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது. ஊர் வாய்க்குப் பயந்து விட்டுவிட்டாள்.

ஜெகதீஸ்வரன் ஒரு போட்டோவை ஏற்றி, மேப்பில் ஒரு புள்ளி வைத்தான். கொடியைச் சுற்றி முள் போடச் சொல்லிவிட்டு, ஏதோ பயிற்சி என்று இரண்டு வாரத்துக்கு வடக்கே ரயிலேறிப் போய்விட்டான். அவள் சீமைக்கருவேல முள்ளை வெட்டி வந்து, கை கிழிந்து ரத்தம் வர வர, இடுப்பு உயரத்துக்கு வேலி போட்டாள். நெற்றியில் வெள்ளை விழுந்த சுட்டி ஆடு மட்டும் வேலியை விட்டு நகராமல் நின்று கத்தியது. "போடி அங்கிட்டு, தீவட்டி! இது உன்னையக் காப்பாத்துற சாமி," என்று அதை விரட்டினாள். அந்த இரண்டு வாரமும் சுட்டிக்குத் திட்டும் கம்படியும்தான்.

இதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. மருதுபாண்டி விட்டாரா?

மருதுபாண்டி முன்னாள் வார்டு மெம்பர். திங்கட்கிழமையானால் விருதுநகர் பஸ் ஏறி கலெக்டர் ஆபீசில் ஒரு மனு கொடுக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. விஷயத்தைக் கேட்டதும் உச்சுக்கொட்டினார்.

"ஒரே ஒரு போட்டோவா? ஏத்தா, ஒத்தை ஆளு மனுவை எந்த ஆபீஸுல மதிக்கான்? தண்ணி டேங்குக்கு நானூறு கையெழுத்து வாங்குனேன். டேங்கு வந்துச்சா இல்லையா?"

டேங்க் வந்தது உண்மை. தண்ணீர்தான் இன்னும் வரவில்லை. ஆனாலும் முருகலட்சுமிக்கு அவர் சொன்னது சரியென்றே பட்டது. கையெழுத்துக் கூடக்கூட மனுவுக்குப் பலம் என்பது வேலாங்குறிச்சியில் கைப்பிள்ளைக்கும் தெரியும்.

மறுநாள் காலையில் ஊரே திரண்டுவிட்டது. முருகலட்சுமியே முள்ளை விலக்கி வழிவிட்டு, முதல் ஆளாக நின்று ஒரு போட்டோ எடுத்து ஏற்றினாள். பின்னாலேயே நூறுநாள் வேலைக்காரப் பெண்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். தினமும் வருகைப் பதிவுக்கு வரிசையாக நின்று போட்டோ எடுத்துப் பழகியவர்கள் அல்லவா? இங்கேயும் அப்படியே கொடியை மறைத்துக்கொண்டு தோளோடு தோள் நின்றார்கள். செடி தெரிகிறதா என்று ஆப் கேட்கவில்லை. பெயரைக் கேட்டது. ஜெகதீஸ்வரன் ஏற்றிவைத்த பெயரை எல்லோரும் தொட்டார்கள். தொட்டதும், அவரவர் மூஞ்சியோடு 'பசுமைக் காவலர்' என்று தங்க ஓரம் போட்ட சர்ட்டிபிகேட் ஒன்று போனில் வந்து விழுந்தது. அவ்வளவுதான், கூட்டம் இரட்டிப்பானது. வர முடியாதவர்கள் வாட்ஸப்பில் படத்தை வாங்கி, மல்லாங்கிணறிலும் கமுதியிலும் உட்கார்ந்தபடியே ஏற்றினார்கள்.

ஆடு வாங்க வந்த வீரசோழன் ஊர் வியாபாரி பீர் மைதீனும் ஒரு போட்டோ போட்டார். போட்டுவிட்டு, "நம்ம மவன் ஆசாத்து சார்ஜாவுல இருக்கான். அவன் ரூமுலயே பதினாறு பேரு. அம்புட்டுப் பேரையும் போடச் சொல்றேன், நீ கவலைப்படாத தாயி," என்றார். கடல் தாண்டியும் தன் ஆட்டுக்காக ஆள் இருக்கிறதே என்று முருகலட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜெகதீஸ்வரன் ஊர் திரும்பி, நேரே மேய்ச்சல் காட்டுக்கு வந்தான். போனைத் திறந்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா, யாருக்கா இதைச் செஞ்சது?"

"ஊரே சேந்து செஞ்சோம் தம்பி," என்றாள் பெருமையாக. "அறுநூத்திப் பன்னெண்டு!"

"அக்கா, ஒரு போட்டோன்னா ஒரு செடின்னு அர்த்தம். ஏத்துறப்ப போனு எங்க இருக்கோ, அங்க செடி இருக்குன்னு அர்த்தம். உலகத்துலயே ஒண்ணுன்னு சொன்னாத்தானே நிலம் தப்பிக்கும்? இப்ப மல்லாங்கிணறுல முப்பது இருக்குன்னு காட்டுது. சார்ஜாவுல எம்பத்தி மூணு. சவூதி தம்மாமுல நாப்பது!"

முள்ளை விலக்கி வழிவிட்டது முருகலட்சுமி. முதல் ஆளாக நின்றதும் அவள். "நானே என் ஆட்டு வாயில மண்ணள்ளிப் போட்டுட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

ஏற்றியவர்களே அழித்தால்தான் உண்டு என்றான் ஜெகதீஸ்வரன். தன்னுடையதை முதலில் அழித்துவிட்டு வீடு வீடாகப் போனாள். அங்கேதான் ஊரின் உண்மையான முகம் தெரிந்தது. போட்டோவை அழித்தால் சர்ட்டிபிகேட்டும் போய்விடுமாம். அது எப்படி விட முடியும்? மாரிசெல்வம் அதைப் பிரேம் போட்டு மாட்டியிருந்தான். மூக்கம்மாள் பேத்தியின் காலேஜ் அட்மிஷனுக்கு ஆகும் என்றாள். மருதுபாண்டியோ தன்னுடையதை ஆளுயர பிளக்ஸ் அடித்து பஸ் ஸ்டாப்பில் கட்டியிருந்தார்.

"அவுக எல்லாரும் அழிக்கட்டும் தாயி. கடைசியா நான் அழிக்கேன்," என்றார்.

ஆசாத் மட்டும் மறுபேச்சில்லாமல் தன்னுடையதை அழித்தான். அவன் ரூம்காரர்களில் பாதிப்பேர் வேறு கேம்புக்கு மாறிவிட்டார்கள், மீதிப்பேருக்குப் பாஸ்வேர்டு மறந்துவிட்டது. நாலு நாள் காலைப் பிடித்துக் கெஞ்சி, அழுது, இரண்டு வீட்டில் சண்டையும் போட்டு, முப்பத்தியோரு போட்டோவை அழிக்க வைத்தாள். மீதி ஐநூற்று எண்பத்தொன்று அப்படியே நின்றது.

இருபதாம் நாள் திருச்சுழி தாலுகா ஆபீசில் விசாரணை. அதிகாரி கம்ப்யூட்டரை அவர்கள் பக்கம் திருப்பினார். மேப்பில் வேலாங்குறிச்சியிலிருந்து அரபிக்கடலுக்கு அந்தப்பக்கம் வரைக்கும் சிவப்புப் புள்ளி.

"எவ்வளவு சாதாரணமான செடி, பாருங்க. இதுக்குப் போயி ஆட்சேபணையா?"

"சார், அதெல்லாம் தப்பான பதிவு. சார்ஜா பாலைவனம் சார்," என்றான் ஜெகதீஸ்வரன்.

"பாலைவனத்துலயே வளருதுன்னா இங்க ஒண்ணு போனா என்ன சார்?"

முருகலட்சுமி முன்னால் வந்து கையெடுத்துக் கும்பிட்டாள். "அய்யா, பஸ்ஸுல வந்தாக்கூட இருவது நிமிசந்தான். நேருல வந்து பாருங்க. ஒத்தைக் கொடிதான் நிக்குது."

"நான் வந்து பார்த்தா அது என்னோட பார்வைம்மா. இது ஆன்லைன்."

"சரி, கொடியை விடுங்க. எங்க ஆடு திங்கிற கொழுக்கட்டைப்புல்லு, ஆவாரை, பூலா, அதெல்லாம் முழங்காலுக்கு நிக்கிதே?"

அதிகாரி பொறுமையாக ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். கெட்ட மனுஷர் இல்லை, பாவம். "அதுல ஒண்ணுக்குக்கூட உங்க ஊர்லருந்து போட்டோ இல்லையேம்மா," என்றார்.

ஊரே பத்துநாள் அந்தப் புல்லை மிதித்துக்கொண்டுதான் கொடிக்கு முன்னால் வரிசையில் நின்றிருந்தது.

கார்த்திகை முடிவதற்குள் கம்பெனிக்காரர்கள் கல் நட்டு, ஆரஞ்சு ரிப்பன் கட்டிவிட்டார்கள். ஜேசிபி வடக்கு மூலையில் ஆரம்பித்துக் கொழுக்கட்டைப்புல்லை மண்ணோடு வழித்துக்கொண்டு வந்தது. இருபத்தெட்டு ஆட்டை முந்தின நாள்தான் பீர் மைதீன் ஏற்றிப் போயிருந்தார். "அறியாமச் செஞ்சுட்டோம் தாயி," என்று சொல்லும்போது அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மிச்சம் ஆறு ஆடு. சுட்டியை விற்க அவளுக்கு மனசு வரவில்லை.

அந்த ஆறையும் ஓட்டிக்கொண்டு வந்தவள் கொடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொடி இரண்டு காய் விட்டிருந்தது. மடியில் போன் சத்தம் போட்டது. நம்ம பச்சையிலிருந்து செய்தி. உங்கள் ஊர் பதிவு செய்த தாவரம், அருகிவரும் தாவரங்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது, வாழ்த்துகள் என்று இருந்தது. கீழே கைதட்டுகிற பொம்மை ஒன்று.

இரண்டு தடவை படித்தாள். ஜேசிபி திரும்பி இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது. எழுந்து போய், கை கிழிவதைப் பார்க்காமல் முள்ளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தாள். சுட்டி அடிக்குப் பயந்து தள்ளியே நின்றது. காதைப் பிடித்துக் கொடிக்கு முன்னால் கொண்டுவந்து விட்டாள்.

"தின்னுடி என் தங்கம். சார்ஜாவுல நெறைய இருக்காம்."